கட்டிலோடு வந்த வழக்கு

வாரியத்துக்கு நைட்டியோடுதான் வர வேண்டும் என்று டாக்டர் செந்தாமரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நைட்டியோடவா?" மிருதுளாவுக்குக் கேட்கும்போதே கூசியது.

"ஆமா அம்மணி. மேல வேணும்னா ஒரு துப்பட்டாவைப் போட்டுக்க. குளிக்காத, தலை சீவாத. போன தடவை நீ பண்ணின கூத்தே போதும்."

"நாலு பேர் முன்னாடி எப்படிங்க மேடம்?"

"அந்த நாலு பேரும் நீ வீட்டுல எப்படிக் கெடக்கறியோ அப்படியே பார்க்கட்டும். கட்டிலை நான் கொண்டாறேன்."

போனை வைத்துவிட்டு மிருதுளா இருட்டில் கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு பேசியதற்கே காதுக்குள் விண்விண் என்று தெறித்தது.

போன தடவை நடந்தது கூத்துதான். மருத்துவ லீவு கேட்டு வாரியத்துக்குப் போக வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் படுக்கையை விட்டு அசையவே இல்லை. இருக்கிற தெம்பையெல்லாம் அந்த ஒரு நாளுக்காகச் சேர்த்து வைத்தாள். அன்றைக்குக் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட பருத்திப் புடவை கட்டி, தலையில் முல்லைச் சரம் வைத்துக்கொண்டு போனாள். அரசாங்கக் கட்டடத்துக்குள் அலங்கோலமாக நுழைய அவளை வளர்த்தவர்கள் சொல்லித்தரவில்லை. அங்கே அரை மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, காபி கொடுத்து, அப்புறம்தான் அவள் கையில் இருந்த தெம்புமானியைப் பார்த்தார்கள். எண்பத்திரண்டு. வாரியத் தலைவர் கனகசபாபதி முகமெல்லாம் சிரிப்பாக, "உனக்கு ஒண்ணுமில்லம்மா, சந்தோஷமாப் போயிட்டு வா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து விழுந்தவள் ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை.

தெம்புமானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்க்கக் கடிகாரம் மாதிரிதான் இருக்கும். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பு நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் கேட்காமலே லீவு. அதற்கு மேலே இருந்தால் தலைகீழாக நின்றாலும் கிடையாது. வயிற்றுவலி நாடகங்களும் டாக்டர் சர்ட்டிபிகேட்டும் ஒரே வருடத்தில் காணாமல் போயின. பஸ்ஸில் ஒரு கர்ப்பிணிக்கு எழுந்து இடம் கொடுப்பதற்கு முன்னால்கூட ஜனங்கள் அவள் கையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று ஒருவரை ஒருவர் விசாரிப்பதே அருகிப்போனது. கை சொல்கிறபோது வாயை எதற்குக் கேட்பது?

ஒருவர் மானியை இன்னொருவர் கட்டக்கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் யாரும் கட்டியதில்லை. புது மானி வாங்கினால் கோயிலில் வைத்துப் பூஜை போட்டு, சந்தனம் தொட்டுத்தான் கட்டுவார்கள். அதற்குப் பிறகு அது உடம்பில் ஒரு பாகம் மாதிரி. அடுத்தவர் பல் துலக்கும் பிரஷ்ஷை யாராவது வாயில் வைப்பார்களா? அப்படித்தான் இதுவும்.

மிருதுளா சிங்காநல்லூரில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. அவள் விசில் ஊதினால் அடுத்த தெருவில் போகிறவன்கூட நிமிர்ந்து நடப்பான் என்று கேலி செய்வார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, அவள்தான் திரும்பி வரவில்லை. தலை துவட்டினால் அன்றைய பொழுது அதோடு சரி. கொஞ்சம் நடந்துவிட்டால் அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் கிடைதான். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. மானி மட்டும் எழுபத்தைந்து, எண்பது என்று ஆரோக்கியமாகப் பச்சை எரிந்துகொண்டிருக்கும்.

அவள் கணவன் தீபன் நல்லவன். பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகன். சமைப்பான், துணி மடிப்பான், அவள் அறைக்குக் கனமான திரை தைத்து மாட்டியதும் அவன்தான். ஆனால் அவள் "முடியலைங்க" என்று சொல்லும்போதெல்லாம் அவன் கண் அவள் மணிக்கட்டுக்குப் போகும். "எழுபத்தஞ்சு காட்டுதே மிரு, கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாரேன்" என்பான். அன்பாகத்தான் சொல்வான். அவன் கத்தியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

டாக்டர் செந்தாமரை மட்டும் அவள் மணிக்கட்டைப் பார்க்காத ஒரே ஆள். செல்களுக்குள் தெம்பு எப்படி உண்டாகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். அறுபதை நெருங்கும் வயது, வெடுக்கென்ற பேச்சு. நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களுக்காக வாரியத்துக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் நடையாய் நடந்தார். அந்தப் பெயரைச் சொன்னாலே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "சோர்வாம் சோர்வு! எனக்கும்தான் மத்தியானமானா சோர்வு வருதுங்கறான் ஒவ்வொருத்தனும்" என்பார். அதுவரைக்கும் அவர் எடுத்துக்கொண்டு போன ஒவ்வொரு முறையீடும் தோற்றிருந்தது.

"மானி பொய் சொல்லுதா மேடம்?" என்று மிருதுளா ஒருமுறை கேட்டாள்.

"பொய் சொல்லலை. பாதி உண்மை சொல்லுது. இப்ப உன் கையில ஒரு டம்ளர் இருக்குது, அதுல முக்கால் டம்ளர் தண்ணி. உன் வீட்டுக்காரர் இடுப்புல ஒரு குடம், அதுல முக்கால் குடம். மானி ரெண்டு பேருக்கும் முக்கால்னு காட்டுது. டம்ளரா குடமான்னு அது சொல்றதே இல்ல. உனக்கு நோய் வந்து குடம் டம்ளராயிடுச்சு, அம்மணி. அதுலயும் நீ படுத்தே கெடக்கறதால செலவே இல்ல. அப்புறம் அந்த எண் எப்படி இறங்கும்?"

"அதை அவங்ககிட்டச் சொல்லக்கூடாதா?"

"சொல்லாமலா இருக்கறேன்? நூறுங்கறதை எதை வெச்சுக் கணக்குப் போடறீங்கன்னு மானி கம்பெனிக்காரன்கிட்டக் கேட்டா தொழில் ரகசியம்ங்கறான். எங்கிட்ட இருக்கறது அனுமானம். அனுமானத்தை வாரியம் ஏத்துக்காது."

நிரூபிக்க ஒரு வழி இருந்தது. மிருதுளாவை ஒருநாள் ஓடவைத்து, மறுநாள் அவள் கிடக்கிற கோலத்தை அவர்களுக்குக் காட்டலாம். மிருதுளாவே அதற்குத் தயார் என்றாள். செந்தாமரை சீறி விழுந்தார்.

"உனக்கு நோய் இருக்குதுன்னு காட்டறதுக்கு உன்னையே கொல்லணுமா? அப்படி ஒரு சாட்சி எனக்கு வேண்டாம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. இந்தத் தடவையும் தோத்தா, இருக்கற லீவும் முடிஞ்சு, ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்ததும் நீ கிரவுண்டுல நிக்கணும். ஒரு மாசம் அந்த வெயில்ல நின்னீன்னா, அதுக்கப்புறம் எந்த மருந்தாலயும் உன்னை எழுப்ப முடியாம போயிரும்."

பயமுறுத்துவதற்காகச் சொன்னதில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

இந்த முறையீடு விசாரணைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு தவறு நடந்தது. தீபனும் மிருதுளாவும் இரண்டு மானிகளையும் கட்டில் பக்கத்தில் ஒரே சார்ஜர் பலகையில்தான் வைப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி, கறுப்பு வார். அன்றைக்குக் காலை ஷிப்டு. விளக்குப் போட்டால் அவளுக்கு ஆகாதே என்று தீபன் இருட்டில் தடவிக் கைக்கு அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அப்புறமாகக் கண் விழித்த மிருதுளா மிச்சமிருந்ததைக் கட்டிக்கொண்டாள். சிவப்பு எரிந்தது. ஏழு.

அவள் முதலில் நம்பவில்லை. கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். ஏழுதான். பயந்திருக்க வேண்டியவள், அழுதாள். எத்தனை வருடமாகத் தன் உடம்பு சொல்வதை இந்தச் சனியன் பிடித்த எண் மறுத்துக்கொண்டே இருந்தது! இன்றைக்கு ஒருவழியாக அது அவள் பக்கம் வந்துவிட்டது. சாகக் கிடக்கிறோமோ என்ற நினைப்புகூட அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அன்றைக்கெல்லாம் அவள் கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தாள்.

தீபன் சாயங்காலம் நாக்குத் தள்ள வந்து சேர்ந்தான்.

"என்ன எழவுன்னே தெரியலை மிரு. காலைலருந்து நூறு. இறங்கவே மாட்டேங்குது. நூறு இருக்குதேன்னு சூப்பர்வைசர் ரெண்டு ஆள் வேலையை என் தலையில கட்டிட்டாரு. முதுகு ஒடியுதுங்கன்னு சொன்னா, கையைக் காட்டிச் சிரிக்கறாங்க. நான் என்னமோ நடிக்கறேன்னு..."

அவன் பேச்சு அங்கேயே நின்றது. மிருதுளாவின் கையில் சிவப்பு எரிவதைப் பார்த்துவிட்டான். ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த பிறகுதான் வாரின் ஓரத்தில் இருந்த கீறலைப் பார்த்தான். லேத்தில் உரசிய கீறல். அது அவனுடைய மானி.

தன் கையிலிருந்த நூறையும் அவள் கையிலிருந்த ஏழையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அப்புறம் தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டான்.

"ஒரு நாளைக்கே எனக்கு அழுகை வந்துருச்சு மிரு. நீ எப்படித் தாங்கின?"

டாக்டருக்குப் போன் போட்டதும் அவன்தான். விஷயத்தைக் கேட்ட செந்தாமரை போட்ட கூச்சலில் மிருதுளா காதைப் பொத்திக்கொண்டாள். "குடமும் டம்ளரும் தம்பி! குடமும் டம்ளரும்! இத்தனை வருசம் இது எனக்குத் தோணலையே!"

ஆனால் புருஷன் மானியைக் காட்டினால் வாரியம் ஒப்புக்கொள்ளாது, இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து ஏதோ செய்துவிட்டார்கள் என்பார்கள். வேறு ஒருவருடைய மானி வேண்டும். யாருடையது என்பதை டாக்டர் கடைசிவரை சொல்லவில்லை.

வாரியத்தின் வாசலில் காவலர் மறித்தார். "கட்டிலெல்லாம் உள்ள விட முடியாதுங்க."

"சக்கர நாற்காலியை விடுவீங்கல்ல? இதுவும் அதுதானுங்க. சக்கரம் மட்டும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே செந்தாமரை மடக்குக் கட்டிலின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்துவிட்டார். காவலர் என்ன செய்வார், பாவம், தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

நைட்டியும் துப்பட்டாவுமாக, எண்ணெய் வழியும் தலையோடு, மிருதுளா விசாரணை அறையின் நடுவில் படுத்தாள். அவமானத்தில் உடம்பு குறுகியது. நடைபாதையில் அவளைப் போலவே முறையீட்டுக்குக் காத்திருந்தவர்கள் திறந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். இன்னும் சிலர் பட்டுப்புடவை கட்டி, பவுடர் பூசி, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்கள்.

கனகசபாபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது விசாரணைங்க மேடம். படுத்துக்கிட்டா பேசறது?"

"உட்கார்ந்தா பேச்சு வராதுங்க. எது வேணும், நீங்களே சொல்லுங்க."

குமாஸ்தா அம்மாள் வந்து மிருதுளாவின் மானியைப் பார்த்து, "எழுபத்தெட்டுங்க ஐயா" என்றாள். மானி கம்பெனியின் ஆள், டை கட்டிய ஒரு இளைஞன், இத்தோடு முடிந்தது என்பதுபோல் பையை மூடினான்.

செந்தாமரை வாதாடவில்லை. சாவகாசமாகத் தலைவரைப் பார்த்துக் கேட்டார். "ஐயா, உங்களுது எவ்வளவு காட்டுதுங்க?"

"தொண்ணூத்தி நாலு" என்றார் அவர், பெருமை பொங்க. "தினமும் மருதமலைப் படி ஏறி இறங்கறேனுங்க."

"அதைக் கொஞ்சம் கழட்டிக் குடுக்கறீங்களா? இந்தப் பொண்ணுக்குக் கட்டிப் பார்க்கலாம். இவளோடதை நீங்க கட்டிக்கோங்க."

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குமாஸ்தா அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். கம்பெனி இளைஞன் எழுந்து, "மாத்திக் கட்டினா உத்தரவாதம் போயிடும் சார்" என்றான்.

"எங்களுக்கெல்லாம் உத்தரவாதம் எப்பவோ போயிடுச்சு தம்பி, நீ உட்காரு" என்றார் செந்தாமரை. "மாத்திக் கட்டக்கூடாதுன்னு சட்டத்துல எங்கயாவது இருக்குதுங்களா ஐயா?"

தலைவர் யோசித்தார். சட்டத்தில் இல்லை. ஆனால் இது சட்டத்தைப் பற்றிய சங்கடம் இல்லையே. அவருடைய வலது கை தன்னையறியாமல் இடது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டது. "அடுத்தவங்க கட்டினதை எப்படிங்க..." என்று இழுத்தார். மாட்டேன் என்று சொல்லப் போகிறார் என்பது மிருதுளாவுக்குத் தெரிந்துவிட்டது. இந்த அறையை விட்டுப் போனால் அடுத்தது வெயிலும் விசிலும்தான்.

அவள் தலையை மட்டும் திருப்பினாள்.

"சார், போன தடவை சந்தோஷமாப் போயிட்டு வான்னீங்க. வீட்டுக்குப் போய் ஒரு மாசம் எழுந்திருக்கலைங்க நான். என் வீட்டுக்காரர்தான் சோறு ஊட்டினாரு. அது உங்களுக்குத் தெரியாது. உங்க மேல கோபமில்லைங்க, தெரிஞ்சுக்கறதுக்கு உங்களுக்கு ஒரு வழியும் இல்ல. இப்ப இருக்குது."

அவ்வளவு பேசியதற்கு அவளுக்கு மூச்சு வாங்கியது. கனகசபாபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக வாரை அவிழ்த்தார். வருடக்கணக்கில் வெயில் படாத இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது. சட்டையைக் கழற்றிவிட்டவர் மாதிரி அவர் கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

குமாஸ்தா அம்மாள் மிருதுளாவின் மானியை அவிழ்த்து வைத்துவிட்டு, தலைவருடையதை அவள் கையில் கட்டினாள். எண்கள் அணைந்தன. கோடு கோடாக ஓடியது. அப்புறம் சிவப்பு.

"ஆறுங்க ஐயா" என்றாள் குமாஸ்தா அம்மாள்.

தலைவர் எழுந்து வந்து குனிந்து தன் கண்ணாலேயே பார்த்தார். பிறகு மிருதுளாவின் மானியை எடுத்துத் தன் தடித்த மணிக்கட்டில் கடைசித் துளையில் மாட்டினார். பச்சை குபீரென்று எரிந்தது. நூறு. முழுத் தெம்பு வந்தால் வாழ்த்துச் சொல்லி ஒரு மணி அடிக்குமே, அந்த மணி கிணிங் என்று அடித்தது. அடுத்து இன்னொரு தடவையும் அடித்தது.

"புது ஆள் கட்டினா கருவி குழம்பும் சார்" என்று இளைஞன் அவசரமாகச் சொன்னான். "ஒரு மாசம் ஆகும், அவங்க உடம்புக்கு அது பழகறதுக்கு."

"அப்படிச் சொல்லு என் ராசா!" செந்தாமரை கையைத் தட்டிவிட்டார். "அதைத்தானுங்க நானும் இத்தனை வருசமாச் சொல்றேன். ஒரு மாசத்துல அது இவளோட டம்ளருக்குப் பழகிருது. அப்புறம் முக்கால்ங்குது."

கனகசபாபதி இளைஞன் பக்கம் திரும்பினார். "அப்ப நூறுங்கறது ஆளுக்கு ஆள் வேறயா?"

"அது வந்து... தொழில் ரகசியம் சார்."

"என் கையில கட்டியிருக்கறது எனக்கே ரகசியமா?"

இளைஞன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

தலைவர் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். முந்தைய உத்தரவு ரத்து. மிருதுளா பூரணமாகக் குணமாகும்வரை பள்ளி அவள் இடத்தை வைத்திருக்க வேண்டும். இந்த நோய் இருப்பவர்களிடம் அவர்களுடைய சொந்த மானியின் எண்ணை இனிமேல் சாட்சியாக எடுக்கக்கூடாது. சொல்லி முடித்துவிட்டு, "போன தடவை கையெழுத்துப் போட்டதும் நான்தான்" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

தோற்றே பழகிய டாக்டர் செந்தாமரைக்கு ஜெயித்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. கட்டிலின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்து, மிருதுளாவின் துப்பட்டா நுனியை எடுத்து மூக்கைச் சிந்தினார். "மன்னிச்சுக்க அம்மணி, கர்ச்சீப் கொண்டாரலை" என்றார். தீபனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மிருதுளா தலைவரின் மானியைக் கழற்றி நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"அடுத்த கேசுக்கும் வேணுமே. இங்கயே இருக்கட்டும்" என்றார். மிருதுளாவின் மானியைத் தன் கையிலிருந்து அவிழ்த்து தீபனிடம் கொடுத்தார்.

வெளியே வந்தபோது நடைபாதையில் சேதி பரவியிருந்தது. குமாஸ்தா அம்மாள் தன் மானியை அவிழ்த்து, பட்டுப்புடவையோடு சுவரில் சாய்ந்திருந்த ஒரு பெண்ணின் கையில் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலைத் தூக்கி வந்த காவலர் பெஞ்சில் படுத்திருந்த ஒரு கல்லூரிப் பையன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "என்னோடதைப் போட்டுப் பாரு கண்ணு" என்றார். எட்டு, பதினொன்று, ஐந்து என்று வரிசையாகச் சிவப்பு எரிந்தது. சிவப்பைப் பார்த்து ஜனங்கள் இப்படிச் சந்தோஷப்பட்டு அந்தக் கட்டடம் கண்டதில்லை. அந்தப் பையனின் அப்பா மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தார்.

காரின் பின்சீட்டில் மிருதுளாவைப் படுக்கவைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு துண்டைத் தொங்கவிட்டான் தீபன். அவள் உடம்பு ஏற்கெனவே கணக்குத் தீர்க்க ஆரம்பித்திருந்தது. நாளைக்கும் மறுநாளும் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நோய் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிருந்தது.

சட்டைப் பையிலிருந்த அவள் மானியை எடுத்து, கட்டலாமா என்று ஒரு கணம் பார்த்தான் தீபன். பிறகு தன்னுடையதையும் அவிழ்த்து, இரண்டையும் காரின் டேஷ்போர்டில் இருந்த சின்ன அறையில் போட்டு மூடினான். பின்பக்கம் திரும்பினான். பழக்க தோஷத்தில் அவன் கண் அவள் மணிக்கட்டுக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. முகத்தைப் பார்த்தான்.

"எப்படி இருக்குது மிரு?"

இந்தக் கேள்வியை அவன் கடைசியாக எப்போது கேட்டான் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் சொல்லவில்லை.

"முடியலைங்க" என்றாள்.

"சரி" என்றான் அவன். "கண்ணை மூடிக்க. நான் மெதுவாப் போறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி மெதுவாகவே போயிற்று.